படம் எடுக்க அரசாங்கம் என்ன தரும்? யாழ்ப்பாணத்துப் படக்காரருக்கு ஒரு விளக்கம்

"அண்ணை, திரைப்படக் கூட்டுத்தாபனம் படத்துக்குக் காசு தருமே?" கமராவும் கையுமாகத் திரியும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. அந்தக் காசை நம்பி மட்டும் படத்தைத் தொடங்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் பதிவு, தணிக்கை, வரி, உரிமை என்று அரசின் கை படுகிற இடங்கள் வேறு சில உண்டு. படத்தை எடுத்து முடித்த பிறகு இவற்றைத் தேடிப் போனால் கொழும்புக்கு பஸ் ஏறியே காலம் போய்விடும்.

முதலில் கூட்டுத்தாபனம், அதாவது இலங்கை அரசின் திரைப்பட நிறுவனம். 1971 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி, 1972 இல் வேலையைத் தொடங்கியது. அதுவரை இறக்குமதியும் விநியோகமும் ஒருசில தனியார் கம்பனிகளின் கையில் இருந்தன. உள்ளூர்ப் படம் எடுத்தவர் தியேட்டர் கிடைக்காமல் நின்றார். அந்தப் பிடியை உடைக்கத்தான் இறக்குமதியையும் விநியோகத்தையும் அரசு தன் கைக்கு எடுத்தது. கூட்டுத்தாபனம் படத்தயாரிப்புக்குக் கடனும் கொடுத்தது. வடக்கில் படம்பிடித்த 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) எல்லாம் வெளிவந்தது அந்தக் காலத்தில்தான். 2000 ஆம் ஆண்டளவில் விநியோகம் மறுபடி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. இன்றைக்கு எங்கள் தியேட்டர்களில் இந்தியப் படத்துக்கு முன்னால் உள்ளூர்ப் படம் ஒரு காட்சி பிடிப்பதே பெரும்பாடு. என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்துப் படத்துக்குத் தயாரிப்புக் காசை விட வெள்ளி, சனியில் இரண்டு மாலைக் காட்சிதான் பெரிய உதவி. அதைக் கட்டாயமாக்கிக் கேட்க இப்போது வழி இல்லை.

கூட்டுத்தாபனத்தின் அலுவலகம் கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது. தியேட்டரில் ஓட்டும் எண்ணம் இருந்தால் தயாரிப்பாளராகப் பதிவதையும் படத்தைப் பதிவதையும் படப்பிடிப்புக்கு முன்பே பாருங்கள்.

அப்புறம் தணிக்கை. இது கூட்டுத்தாபனத்தின் வேலை இல்லை. 1912 ஆம் ஆண்டு பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனியான சபை ஒன்று இருக்கிறது. பொதுமக்களுக்குக் காட்டுகிற படத்துக்கு அதன் சான்றிதழ் வேண்டும். நாடகம் போடுகிறவர்களுக்கு இந்தச் சபையை நன்றாகவே தெரியும், பிரதி அனுப்பி அனுமதி எடுப்பது அவர்களுக்குப் பழகின வேலை. குறும்படக்காரர்தான் "இலவசமாகத்தானே காட்டுகிறோம்" என்று விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் விற்கவில்லை என்பதற்காகச் சட்டம் விலகி நிற்காது. டிக்கெட் விற்றால் இன்னொரு வாசலும் உண்டு. கேளிக்கை வரியை அறவிடுவது உள்ளூராட்சி மன்றம். மண்டபம் நகருக்குள் என்றால் மாநகரசபை, நல்லூர்ப் பிரதேச சபை எல்லைக்குள் என்றால் அந்தச் சபை. டிக்கெட் அடிக்க முதலே போய்க் கேளுங்கள்.

கோட்டைக்குள் படம்பிடிக்கத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி, ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி. கடைசி நேரத்தில் ஒன்றும் கிடைக்காது.

சரி, வரிச் சலுகை. ஊரில் பலருக்கு இது தெரியாது. உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்கு 2021 இல் வந்த திருத்தத்தின்படி, 50 இலட்சம் ரூபாவுக்குக் குறையாத செலவில் படம் தயாரித்தால், அந்தச் செலவை வரிக்குரிய வருமானத்தில் இருந்து கழிக்கக் கேட்கலாம். புதுத் தியேட்டர் கட்டினால் இரண்டரைக் கோடி, இருப்பதைத் திருத்தினால் ஒரு கோடி என்பது குறைந்தபட்சச் செலவு. முழுவதையும் ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, அந்த வருட வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று உச்சம் உண்டு. வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் உள்ள கடைக்காரர், கம்பனிக்காரர் ஒருவர் உங்கள் படத்துக்குக் காசு போட வந்தால் இதைச் சொல்லுங்கள், ஆனால் அவருடைய கணக்காளரிடம் அந்த ஆண்டின் விதியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று இலட்சத்தில் குறும்படம் எடுப்பவருக்கு இதில் ஒரு சதமும் இல்லை.

பெரிய சண்டைகள் வருவது உரிமையில். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாவிட்டால், படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்குத்தான். பாதுகாப்பு 70 ஆண்டு. இதற்குப் பதிவும் தேவையில்லை, படம் உருவானாலே உரிமை பிறந்துவிடும். யார் தயாரிப்பாளர்? படத்தை எடுக்க முன்கை எடுத்து, பொறுப்பையும் ஏற்றவர். எங்கள் ஊரில் நடப்பது என்ன? கனடாவில் இருக்கிற மாமா காசு அனுப்புவார், மருமகன் கதை எழுதி, இயக்கி, எடிட்டிங்கும் செய்வான். போஸ்டரில் மரியாதைக்காகத் 'தயாரிப்பு' என்று மாமாவின் பெயரைப் போடுவார்கள். படம் ஓடாவிட்டால் ஒருவரும் கவலைப்படப் போவதில்லை. ஒரு தொலைக்காட்சியோ ஓடிடித் தளமோ விலை பேச வந்த அன்றைக்குத்தான் பிரச்சினை தொடங்கும். மாமா கொடுத்தது அன்பளிப்பா, கடனா, முதலீடா? இதை இரண்டு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள். இசையமைத்தவரிடமும் அப்படியே. சொந்தத்துக்குள் பத்திரம் எழுத வெட்கப்படுவது எங்கள் குணம், காணி விசயத்தில் மட்டும் அந்த வெட்கம் எங்கே போகிறதோ தெரியாது.

மாகாணம் ஒன்றும் செய்ய முடியாதா என்றும் கேட்கிறார்கள். 1987 இன் 13 ஆம் திருத்தம் நாடகம், இசை, சினிமா, கேளிக்கை ஆகியவற்றை மாகாண நிரலில் வைத்தது, படத்துக்குத் திரையிடல் அனுமதி வழங்குவதை மத்திய அரசுக்கு விட்டது. வட மாகாணத்துக்கு ஒரு சிறிய திரைப்பட நிதியம் அமைக்க அந்த நிரல் இடம் தருகிறது என்பது என் வாசிப்பு. 2013 இல் தெரிவான மாகாண சபை 2018 இல் காலம் முடிந்து போனது, அப்படி ஒன்றை அமைத்ததாக நான் அறியவில்லை. இப்போதைக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள கலாசார உத்தியோகத்தரைப் பழக்கம் பிடித்து வையுங்கள். காசு சிறிதாக இருக்கும், மண்டபமும் கடிதமும் கிடைக்கும்.

கடைசியாக, கூட்டுத்தாபனத்தில் இப்போது என்ன கடன், என்ன உதவி திறந்திருக்கிறது என்பதை ஃபேஸ்புக்கில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தந்த உரிமை. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். "உதவி கிடைக்குமா?" என்று கேட்டால் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தத் திட்டத்தில் எத்தனை தமிழ்ப் படங்களுக்கு எவ்வளவு வழங்கப்பட்டது, தெரிவுக்குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் படத்தின் கோப்பிலேயே குத்தி வையுங்கள்.