முழங்கையைத் திருகினால் பந்து வளையாது

இந்தப் பருவத்தில் இதே குறையோடு வந்த மூன்றாவது பையன் இவன். வயது 12. முழங்கையின் உட்புறத்தைத் தொட்டதுமே கையை இழுத்துக்கொண்டான். "கையைச் சுண்டித் திருகினால்தான் கடைசி நேரத்தில் பந்து சட்டென்று வளையுமாம்" என்றார் அப்பா. அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளுக்கு இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

கையை விட்டுப் போன பந்திடம் இருப்பவை வேகம், சுழற்சி, சுழலச்சின் சாய்வு ஆகியவைதான். சுழலும் பரப்பும் தையல்களும் காற்றை ஒரு பக்கம் தள்ளுகின்றன. பந்து எதிர்ப்பக்கம் போகிறது. மாக்னஸ் விளைவு என்பது இதுதான். வளைந்து இறங்கும் வீச்சான கர்வ்பாலில் பந்து முன்னோக்கி உருள்வதுபோலச் சுழல்வதால், புவியீர்ப்பு இழுப்பதைவிடக் கூடுதலாக இறங்குகிறது. அந்தச் சுழற்சியைத் தருபவை பந்தின் முன்புறமாக வழுக்கி இறங்கும் விரல்கள்.

'கடைசி நேரத்தில் சட்டென்று' என்பதும் கண்ணின் மயக்கம். கையை விட்ட கணத்திலிருந்தே பந்து ஒரே சீராக வளைகிறது. ஆனால் விலகல் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். மொத்தம் 16 அங்குலம் விலகும் பந்து, பாதி நேரத்தில் 4 அங்குலம்தான் விலகியிருக்கும். மீதி 12 அங்குலமும் பின்பாதியில் வருகிறது. மட்டையோடு நிற்பவருக்குப் பந்து திடீரென்று திரும்பியதாகத் தோன்றுவது இதனால்தான். 1959-இல் அமெரிக்க இயற்பியலாளர் லைமன் பிரிக்ஸ் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வெளியிட்ட அளவு, 60 அடித் தொலைவுக்கு அதிகபட்சம் 17.5 அங்குலம். எவ்வளவு திருகினாலும் பந்து நடுவானில் மூலை திரும்பாது.

இந்த வயதில் முழங்கையின் உட்புற வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளரும் இடம், இன்னும் குருத்தெலும்புதான்; எளிதில் காயப்படும். கர்வ்பாலை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். களைத்த கையால் வீசிக்கொண்டே இருப்பது அதைவிடக் கொடியது. அமெரிக்க பேஸ்பாலின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதலின்படி 11, 12 வயதினருக்கு ஒரு நாளுக்கு 85 வீச்சுகள்தான் உச்சவரம்பு. 66-ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு. இந்த வயதில் வேகமாக வீசும் ஃபாஸ்ட்பாலும், அதே கையசைவில் வேகம் குறைத்து வீசும் சேஞ்சப்பும் போதும்.

எண்ணிக்கையை நீங்களே குறித்துவையுங்கள். இரண்டு அணிகளில் ஆடினால் இரண்டையும் கூட்டுங்கள். வலி மாத்திரை கொடுத்து ஆடுகளத்துக்கு அனுப்பாதீர்கள். ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும், வெற்றியா தோல்வியா என்று கேட்பதற்கு முன்னால், "கை வலிக்கிறதா கண்ணா?" என்று தயவுசெய்து ஒரு முறை கேளுங்கள். இந்தப் பையன் ஒரு மாதமாக வலியைச் சொல்லாமல் வைத்திருந்தான்.