பொடி போட்டாச்சே டாக்டரே, பிறகு எப்படி இளகிச்சு?

போன வாரம் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துக் கவரை எடுத்து மேசையில் கவிழ்த்தார். உள்ளே ஒரு டைட்டானியம் இம்ப்ளான்ட், அதாவது பல்லுக்கு வேராகத் தாடையெலும்பில் பதிக்கும் திருகு. மரைகளுக்கு நடுவே ரவை போல நான்கைந்து வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தன. எலும்பு ஒரு பொட்டுகூட இல்லை. வளைகுடாவில் வேலை. போன லீவில் 28 நாளுக்குள் எலும்புப் பொடி, இம்ப்ளான்ட், மேலே பல் என்று எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் முடித்துக்கொண்டு விமானம் ஏறியவர். இரண்டாம் மாதமே கையோடு வந்துவிட்டதாம்.

"பொடி நல்லா போட்டுதான் வச்சாங்க. பிறகு எப்படி இளகிச்சு டாக்டரே?"

இந்த மாதம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

தாடையில் எலும்பு குறைந்த இடத்தை நிரப்ப வைக்கும் எலும்புப் பொடி பசை அல்ல. சிமென்டும் அல்ல. நாங்கள் வைப்பது வெறும் பந்தல். கொடி ஏற வேண்டியது உங்கள் உடம்பிலிருந்து. ரத்தக் குழாய்கள் அந்தத் துகள்களுக்கு இடையில் நுழைந்து, எலும்பு செல்கள் வந்து உட்கார்ந்து, புது எலும்பு ஊற வேண்டும். மேலே ஒரு மெல்லிய சவ்வு வைத்து மூடுவது எதற்கு? ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். தடுப்பு இல்லையென்றால் ஈறு முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடும். சின்னக் குறைக்கே நாலு மாதம் ஆகும். பெரிய குறையென்றால் ஆறு, அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை இம்ப்ளான்ட் அசையக் கூடாது. 0.1 மில்லிமீட்டர் அளவு ஆட்டம் போதும், எலும்புக்குப் பதில் நார்ச்சதை சுற்றிக்கொள்ளும்.

சரி, சிமென்டென்றே வைத்துக்கொள்வோம். இவர் ஊரில் வீடு கட்டுகிறார். "மாடி கான்கிரீட் போட்ட மறுநாளே தட்டுப் பலகையைப் பிரிச்சீங்களா?" என்றேன். சிரித்தார். வாய்க்குள் மட்டும் மறுநாளே பிரிக்க வேண்டுமாம்!

இன்னொன்று, எக்ஸ்ரேயைக் காட்டி, "வெள்ளையா இருக்கே, எலும்பு வந்தாச்சுல்லா" என்பார்கள். அந்தப் பொடியே எக்ஸ்ரேயில் வெள்ளைதான். வைத்த அன்று எடுத்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும். (அன்றே பல் வைப்பது முழுப் பொய் என்று சொல்லவில்லை. எலும்பு கெட்டியாக இருந்து, இம்ப்ளான்ட் நன்றாகப் பிடித்தால் நானும் வைப்பதுண்டு. பொடியை நம்பி நிற்கும் இடத்தில் வைக்க மாட்டேன்.)

"மாட்டு எலும்பா?" என்று தயங்கிக் கேட்பவர்களுக்கு: பலவகைப் பொடிகள் மாட்டெலும்பிலிருந்து வருபவைதான். உயிர்ப்பொருளை எல்லாம் நீக்கிச் சுத்திகரித்து, தாதுவை மட்டும் மிச்சம் வைத்திருப்பார்கள். சில சவ்வுகள் பன்றியிலிருந்து வருகின்றன. வேண்டாமென்றால் செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் உண்டு, உங்கள் எலும்பையே சுரண்டி எடுக்கவும் முடியும். கேட்பது உங்கள் உரிமை, ஆனால் முன்கூட்டியே கேளுங்கள். தையல் போட்ட பிறகு கேட்டால் நான் என்ன செய்வேன்?

சர்க்கரையை மறைக்காதீர்கள். மூன்று மாதச் சராசரி (HbA1c) 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான் தள்ளிப்போட்டுவிடுவேன். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போயிலை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். "ஒண்ணே ஒண்ணு" என்ற பேச்சு என்னிடம் வேண்டாம். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடும் அம்மாமார் அதைச் சொல்வதே இல்லை. "அது எலும்புக்கு நல்ல ஊசிதானே" என்கிறார்கள். அந்த ஊசி போட்டவர்களுக்குத் தாடையில் கை வைத்தால் புண் ஆறாமல் எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. தயவுசெய்து சொல்லுங்கள்.

மேல்தாடையில் சைனஸை (பல்வரிசைக்கு மேலே உள்ள காற்றறை) உயர்த்திப் பொடி வைத்திருந்தால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்முங்கள், கேட்காமல் விமானம் ஏறாதீர்கள். தையலைப் பார்க்க உதட்டை இழுத்து இழுத்துக் கண்ணாடி முன் நிற்க வேண்டாம். மசித்த மரச்சீனிக்கிழங்கும் ஆறிய மீன் குழம்பும் போதும், முறுக்கு காத்திருக்கும்.

பல் எடுக்கும் நாளிலேயே இதைப் பேசிவிட்டால் பாதிச் சிக்கல் வராது. பல் போன இடத்தில் ஒரு வருடத்தில் எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி கரையும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. பல்லைப் பிடுங்கி மூன்று வருடம் கழித்து வருகிறவருக்குக் கத்தி முனை போல ஒரு வரப்புதான் மிஞ்சியிருக்கும்.

மார்த்தாண்டத்துக்காரருக்கு அப்படித்தான் இருந்தது. இந்த லீவில் எலும்பு, அடுத்த லீவில் இம்ப்ளான்ட், அதற்கடுத்த லீவில் பல் என்றேன். விரல் விட்டு எண்ணினார்.

"அதுக்குள்ள வீட்டுக்குப் பால்காய்ப்பே முடிஞ்சிருமே டாக்டரே."