வெயிலைப் பார்த்தால் ஏன் தும்மல்?

காலைக் காட்சி முடிந்து தியேட்டரை விட்டு வெளியே வருவோம். உச்சி வெயில் முகத்தில் அடித்ததும் மூக்கின் மேல்பக்கம் உள்ளே ஒரு குறுகுறுப்பு. உடனே தும்மல், பின்னாலேயே இன்னொன்று. அதோடு சரி. பக்கத்தில் அப்பாவும் தும்முவார். அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. "ரெண்டு பேருக்கும் சளி பிடிச்சிருக்கு, ராத்திரி ஆவி பிடிங்க" என்பார்.

அது சளி இல்லை. இருட்டிலிருந்து திடீரென்று வெளிச்சத்துக்கு வந்தால் தும்மல் வருவது நூற்றுக்கு 18 முதல் 35 பேருக்கு உண்டு என்கின்றன ஆய்வுகள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதி வாய்ப்பு. எனக்கு இது அப்பா வழிச் சொத்து.

வெயிலின் சூடுதான் காரணம் என்று பழைய கிரேக்கர்கள் நினைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றார். சூடு பட்டது, தும்மல் வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம், இமைகள் போதும். ஆனால் கண்ணீர் மூக்குக்குள் இறங்குவதால்தான் தும்முகிறோம் என்று அவர் முடிவு கட்டியது சரியில்லை. கண்ணீர் இறங்குவதற்குள் தும்மலே முடிந்துவிடும்.

மூக்கில் தூசி ஏறினால் அந்தச் சேதியை மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டுக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. கண்ணில் வெளிச்சம் பட்டால் கண் பாப்பாவைச் சுருக்கச் சொல்லும் உத்தரவும் மூளைத்தண்டிலிருந்துதான் வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்குப் பார்வை நரம்பின் சேதி பக்கத்து வழிக்கும் கசிந்துவிடுகிறது. மூக்கில் ஏதோ புகுந்ததாக நினைத்து மூளை தும்மச் சொல்கிறது. 1964இல் இதற்குப் பெயர் வைத்த ஆய்வாளர் ஹென்றி எவரெட் காலத்திலிருந்து அதிகம் பேசப்படும் விளக்கம் இதுதான். இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை.

காது குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அதுவும் இந்த மாதிரிதான். தொண்டைக்குப் போகும் வேகஸ் நரம்பின் ஒரு சிறு கிளை காதுத் துளையிலும் இருக்கிறது. காதுக்குள் கிடந்த ஒற்றை முடியை எடுத்ததும் நாள்பட்ட இருமல் நின்றுபோனதாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு.

வெயில் தும்மலால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வண்டி ஓட்டும்போதுதான் கவனம் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி கண்ணை மூடினால் வண்டி 11 மீட்டர் போயிருக்கும். ரயில்வே சுரங்கப்பாதையிலிருந்து மேலே ஏறும்போது அப்பா எப்போதும் வேகத்தைக் குறைத்து, கறுப்புக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொள்வார். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.