மோடல் வெர்ப்: தமிழில் என்ன பெயர்?

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். பள்ளியில் ஆங்கில இலக்கண வகுப்பில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்த பட்டியல். 'மோடல் ஆக்சிலியரி வெர்ப்' என்ற நீளமான பெயருக்கு என்ன பொருள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஆக்சிலியரியில் சிக்கல் இல்லை. லத்தீனில் 'ஆக்சிலியம்' என்றால் உதவி. ரோமானியரின் துணைப்படைக்கும் 'ஆக்சிலியா' என்றுதான் பெயர். தமிழில் 'துணைவினை' நிலைத்துவிட்டது. நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்.

மோடல்தான் கொஞ்சம் வழுக்கும். 'மோடுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு அளவு, முறை, விதம் என்று பொருள். கடையில் "புது மாடல் இருக்கா?" என்று கேட்கிறோமே, அந்த மாடலும் இதே வேர்தான். ஆனால் 'விதத் துணைவினை' என்று பெயர்த்தால் ஒன்றும் புரியாது. அவள் வரலாம், வர வேண்டும், வரக்கூடும், அவளால் வர முடியும்: நான்கிலும் வருதல் ஒன்றுதான். அதை அனுமதியாகவா, கடமையாகவா, ஊகமாகவா, திறனாகவா பேசுகிறவர் பார்க்கிறார் என்பதுதான் மாறுகிறது. அதனால் 'நோக்குத் துணைவினை' என்பதே என் தேர்வு.

இந்தத் துணைகள் ஒரு காலத்தில் தனி வினைகளாக வாழ்ந்தவை. பழைய ஆங்கிலத்தில் கேன் என்றால் 'அறிவேன்'. மே என்றால் 'வலிமை உண்டு'. மைட் இன்றும் பெயர்ச்சொல்லாக வலிமையைக் குறிக்கிறது. ஷல் என்றால் 'கடன்பட்டிருக்கிறேன்'. அதன் உறவான ஜெர்மன் 'ஷுல்ட்' இன்றும் கடன், குற்றம் இரண்டையும் குறிக்கும். மஸ்ட் கதைதான் வேடிக்கை: 'அனுமதி உண்டு' என்ற வினையின் இறந்தகால வடிவம் அது. அனுமதி கட்டாயமாகிவிட்டது! கேன், மே, ஷல் ஆகியவற்றின் நிகழ்கால வடிவங்களும் ஆதியில் இறந்தகால வார்ப்பில் வந்தவை. இறந்தகால வடிவத்தில் எஸ் ஒட்டாது; 'ஹி கேன்ஸ்' என்று சொல்லாததற்குக் காரணம் இதுவே. வில் வேறு வழியில் வந்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

நம்மிடமும் இதே கதைதான். வேண்டு என்றால் விரும்பு, முடி என்றால் நிறைவேறு, கூடு என்றால் சேர்.

சரி, இவற்றைப் பயன்படுத்தும்போது தவறு எங்கே நடக்கிறது? வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாளை வர வேண்டாம் என்று சொல்ல நினைத்து ஒரு வாடிக்கையாளருக்கு 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று எழுதிவிட்டேன். மஸ்ட் என்றால் வேண்டும், அப்போ மஸ்ட் நாட் என்றால் வேண்டாம். இதுதான் என் கணக்கு. அவர் படித்ததோ 'நாளை வரக் கூடாது' என்று. மனிதர் கோபித்துக்கொண்டார். மஸ்ட் நாட் என்னும்போது மறுப்பு வருதல் மேல் விழுகிறது: வராமல் இருக்க வேண்டும். 'நீட் நாட்' அல்லது 'டோன்ட் ஹேவ் டு' என்றால் மறுப்பு கட்டாயத்தின் மேல் விழும்: வர வேண்டியதில்லை. நான் எழுதியிருக்க வேண்டியது அது.

'ஐ கேன் ஏபிள் டு' நம் ஊரில் அடிக்கடி காதில் விழும். கேன் என்பதற்குள்ளேயே ஏபிள் இருக்கிறது. 'என்னால் செய்ய முடிய இயலும்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இன்னொன்று குட். 'நேற்று ஒரு வழியாக முடிக்க முடிந்தது' என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதையே 'ஐ குட் ஃபினிஷ் இட் எஸ்டர்டே' என்று எழுதினால் ஆங்கிலம் பேசுகிறவருக்கு இடறும். ஒருமுறை நடந்து முடிந்த காரியத்துக்கு 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும். முடியவில்லை என்று சொல்லத்தான் தடையே இல்லை. 'குட்ன்ட்' தாராளமாகப் போடலாம்.