தபாலைத் திருப்பி அனுப்பினால் வழக்கு திரும்பிப் போகாது

போன வாரம் ஒரு பெரியவர் மகளோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுக்கு நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து ஜப்தி என்று சொல்லிவிட்டுப் போனாராம். "எனக்கு எந்த சம்மனும் வரலையே சார்" என்றார். வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தால் சம்மன் உறை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. மேலே தபால்காரரின் கையெழுத்தில் 'வாங்க மறுத்தார்'. அதைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். "வாங்கினாத்தானே கேஸுன்னு சொன்னாங்க."

யார்தான் சொல்கிறார்களோ, தெரியவில்லை. வாரம் தவறாமல் இதைக் கேட்கிறேன்.

நண்பருக்காக ஜாமீன் கையெழுத்து போட்ட கடன் அது. பாதிக்கு மேல் இவரே கட்டியிருக்கிறார். ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி, குண்டூசி குத்தி, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. அதில் ஒரு தாளைக்கூட நீதிபதி பார்க்கவில்லை. இவர் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது இவர் தரப்பைக் கேட்காமலேயே சொன்ன தீர்ப்பு, முழுத் தொகைக்கும் வட்டியோடு.

சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலை வாங்க மறுத்தால், சட்டத்தின் கண்ணில் அது உங்கள் கைக்கு வந்துவிட்டது. 'வாங்க மறுத்தார்' என்று எழுதி உறை திரும்பி வந்தால், சம்மன் சார்வாகிவிட்டது, அதாவது உரியவரிடம் சேர்ந்துவிட்டது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கையெழுத்து போட்டு வாங்கினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சிலருக்கு இன்னொரு பயம். ஆகாது. அந்தக் கையெழுத்து, காகிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான். ஆனால் அப்படிப் பயப்படுகிற அதே மனிதர் எதிர்த்தரப்புக்கு போன் போட்டு, "ரெண்டு மாசம் டைம் குடுங்க, கொடுத்துடறேன்" என்று வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவைப்பார். உங்களுக்கு எதிரான சாட்சியமாக வருவது அதுதான்.

உரிமையியல் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை, அதாவது உங்கள் எழுத்துப்பூர்வமான பதில், தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள். அது கடந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போட வேண்டும். 'வாங்க மறுத்தார்' என்ற உறை வழக்குக் கட்டுக்குள் இருக்கும்போது நான் என்ன காரணத்தை எழுதுவது?

செக் திரும்பிய வழக்கு இன்னும் அவசரம். பணம் கேட்டு வரும் நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் அங்கே குற்றமே இல்லை. தவறவிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் என்று போகும்.

அதனால் தபாலை வாங்குங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். அந்த வாரத்திலேயே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டீசுக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று சில சமயம் நாங்களே சொல்வதுண்டு, ஆனால் அது படித்துப் பார்த்து எடுக்கிற முடிவு. எல்லாவற்றுக்கும் வக்கீல் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே பேசலாம். ஆனால் உங்கள் பெயருக்கு சம்மன் வந்தபிறகு தனியாக யோசித்துக்கொண்டிருக்காதீர்கள்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம், தயவுசெய்து. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

பெரியவருக்கு, தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு தயாராகிறது. பாதித் தொகையைக் கட்டு என்று நீதிமன்றம் நிபந்தனை போடலாம் என்றேன். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ரசீது உறையை என் மேசையில் வைத்து, "இதையாவது இப்ப பார்ப்பாங்களா சார்?" என்று கேட்டார்.