ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை பந்தலூரில் எந்த மேசையில் இருக்கிறது?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால், "ஐ.நா. உடன்படிக்கைப்படி என் பிள்ளைக்குப் படிக்கும் உரிமை உண்டு" என்று மட்டும் மனு எழுதிப் பயனில்லை. அந்த உடன்படிக்கையைக் காட்டி வட்டாரக் கல்வி அலுவலர் ஆணை போட முடியாது. இந்தியா ஓர் உடன்படிக்கையில் சேர்ந்ததும் அது தானாக உள்நாட்டுச் சட்டமாகிவிடுவதில்லை. அரசமைப்பின் 253ஆம் பிரிவு கொடுத்துள்ள அதிகாரத்தில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். மனுவில் வர வேண்டியது அந்தச் சட்டத்தின் பிரிவு எண்தான். உள்நாட்டுச் சட்டம் வாய் திறக்காத இடத்தில் உடன்படிக்கையைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 1997ல், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தொடர்பான விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது நீதிமன்றத்துக்கு உதவும் வாதம், தாலுகா அலுவலகத்தில் எடுபடாது.

குழந்தை உரிமை உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 20.11.1989 அன்று ஏற்றது. இந்தியா சேர்ந்தது 11.12.1992. 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள் என்கிறது அதன் முதல் உறுப்பு. 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 16 ஆக இருந்த வரம்பு 2000ல் 18 ஆனதற்கு இதுவே காரணம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ன் போக்சோ சட்டம் தன் முகவுரையிலேயே இந்த உடன்படிக்கையைச் சொல்கிறது. வேலை விஷயத்தில் மட்டும் இந்தியா சேரும்போதே ஒரு பிடி வைத்துக்கொண்டது: 32ஆம் உறுப்பைப் படிப்படியாகத்தான் நிறைவேற்றுவோம் என்று அறிவித்தது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை, வேலைக்கு முழுத்தடை 14 வரை, போக்சோ 18 வரை என்று வயதுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன. எந்தச் சட்டத்தைக் காட்டுகிறோமோ அதன் வயதைப் பார்த்துக்கொண்டே மனு எழுத வேண்டும்.

நீலகிரியில் அதிகம் சிக்குவது பிறப்புச் சான்றிதழில்தான். பிறந்தவுடன் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு. இங்கே அதற்குரியது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு அதில் உண்டு, 9ஆம் பிரிவு. நாலு ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது சுமார் 10 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள தேயிலை, காபி, மிளகு, ஏலத் தோட்டங்களில் லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) குழந்தை பிறந்தால் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டியவர் தோட்ட மேலாளர். விவரத்தை அவரிடம் சொல்லும் கடமை குடும்பத்துக்கு. "நீங்களே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்" என்று எஸ்டேட் ஆபீஸில் கைவிரித்தால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

பதிவுக்கு 21 நாள். அதற்குமேல் 30 நாள் வரை தாமதக் கட்டணம் போதும். 30 நாளைத் தாண்டி ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதியும் சுயசான்றளித்த ஆவணமும் வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ஆணை பெற வேண்டும். அந்த மனுவோடு, பதிவேட்டில் பெயர் இல்லை என்று பதிவாளர் தரும் சான்றை வைக்காவிட்டால் திரும்பி வரும். பெற்றோரிடம் அடையாள ஆவணம் இல்லை என்பது பிறப்பைப் பதிய மறுக்கக் காரணம் ஆகாது. சட்டம் கேட்பது குழந்தை இங்கே பிறந்ததா என்பதையே. காட்டுநாயக்கர், பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளிலும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களிலும் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். பிரசவம் கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் நடந்திருந்தால் பதிவும் அங்கேதான், சான்றிதழும் அங்குள்ள உள்ளாட்சியில்தான். வீட்டு முகவரி தமிழ்நாடு என்பதால் கூடலூரில் தேடினால் கிடைக்காது. பெயர் எழுதாமல் பதிந்த சான்றிதழும் பாதிச் சான்றிதழே. 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அப்போதே ஆதாரில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள், பிற்பாடு திருத்துவது பெரும்பாடு.

சான்றிதழ் இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்பினால் கல்வி உரிமைச் சட்டத்தின் 14(2) பிரிவைக் காட்டலாம்: வயதுச் சான்று இல்லாததால் சேர்க்கை மறுக்கக் கூடாது. அங்கன்வாடிப் பதிவேடு, செவிலியர் பதிவேடு, அதுவும் இல்லாவிட்டால் பெற்றோரின் உறுதிமொழி போதும். 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம் என்று பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் புதுத் திருத்தம் சொல்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வருவது 2029 முதல். இப்போதே பதிந்து வைப்பது நல்லது. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விடாது.

பழங்குடிக் குழந்தைக்குத் தன் மொழியைப் பேசும் உரிமை உண்டு என்கிறது உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு. நம் சட்டத்தில் அதற்கு அருகில் வருவது கல்வி உரிமைச் சட்டத்தின் 29(2)ல் தாய்மொழிவழிக் கற்பித்தல், ஆனால் "இயன்றவரை" என்ற சொல்லோடு. அந்த ஒரு சொல்லில் பணிய மொழியும் காட்டுநாயக்க மொழியும் வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

வேலைக்கு வருவோம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016ல் திருத்தப்பட்டது. மறு ஆண்டு 13.6.2017 அன்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138, 182ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்றது. 14 நிறையாத பிள்ளை பள்ளி முடிந்தபின் சொந்தத் தோட்டத்தில் பெற்றோருக்கு உதவலாம். இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மிகக் கூடாது. எஸ்டேட்டில் அம்மாவின் கிலோக் கணக்கைக் கூட்டப் பிள்ளை கொழுந்து பறித்தால் அது குடும்பத் தொழில் ஆகாது, தோட்டம் குடும்பத்தினுடையது அல்லவே. வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளிக்குச் சொல்லாமல் பிள்ளை தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் தலைமையாசிரியர் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் என்றால், போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் சொல்லியாக வேண்டும், மறைப்பதே குற்றம். குழந்தையிடம் அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

நேரே ஜெனிவாவுக்கு எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உடன்படிக்கையின் கீழ் தனிநபர் முறையீட்டுக்கான மூன்றாவது நெறிமுறையில் இந்தியா சேரவில்லை, ஆகவே அங்குள்ள ஐ.நா. குழந்தை உரிமைக் குழு ஏற்காது. உடனடி ஆபத்துக்குக் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098. பள்ளி விஷயத்துக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மனு. மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மூன்று மாதம் கடந்ததை மேல்முறையீட்டில் காட்ட முடியாது.