கடைசி ஏழு பேர்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் அத்தை போன வாரம் போனில் கேட்டார்: "பையன் கேப் டவுன் பக்கம் மெல்க்போஸ்ஸ்ட்ராண்டில் வீடு பார்க்கிறான்டா. பக்கத்திலேயே கூபர்க் அணுமின் நிலையம். அது அணுகுண்டு மாதிரி வெடிச்சா என்ன பண்றது?"

அப்படி வெடிக்காது அத்தை.

நியூட்ரான் பட்டு யுரேனியம்-235 பிளக்கும். வெப்பமும் புது நியூட்ரான்களும் வரும். அவை அடுத்த அணுக்களைப் பிளக்கும். பள்ளியில் படித்ததுதான். குண்டுக்கு யுரேனியம்-235 சுமார் 90 சதவீதம் வேண்டும். கூபர்க் எரிபொருளில் 5 சதவீதத்துக்கும் குறைவு.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். பிறக்கும் 1000 நியூட்ரான்களில் ஏறத்தாழ 993 அந்தக் கணமே வந்துவிடும். இவை மட்டுமே உலையை நடத்தினால் ஒரு நியூட்ரான் தலைமுறைக்கு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது; எந்தக் கருவியாலும் பிடித்து நிறுத்த முடியாது. மீதி ஏழு மட்டும் பிந்தி வரும். உடைந்த அணுத் துண்டுகளில் ஒன்று புரோமின்-87. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், சுமார் 55 வினாடி. அது கிரிப்டானாக மாறும்போது சில சமயம் ஆற்றல் மிகுந்து ஒரு நியூட்ரானை உதறிவிடும்.

தேர் இழுக்க 993 பேர் வடம் பிடித்தும் தேர் அசையவில்லை, பின்னால் மெதுவாக நடந்து வரும் ஏழு பேரும் கை கொடுத்தால்தான் நகரும் என்று வையுங்கள். தேரின் வேகம் அந்த ஏழு பேரின் நடைதானே? உலையையும் அப்படித்தான் அமைக்கிறார்கள். நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டை இறக்க அவகாசம் கிடைப்பது அந்த ஏழால். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

பயப்பட வேண்டியது வேறு. உலையை நிறுத்தினாலும் துண்டுகளின் சிதைவு வெப்பம் நிற்காது. கூபர்க்கின் ஓர் உலை 2,775 மெகாவாட் வெப்பம் தருவது. நிறுத்திய கணத்தில்கூட 150 மெகாவாட்டுக்கு மேல் மிஞ்சும். 2011இல் ஃபுகுஷிமாவில் சுனாமி வந்து மின்சாரம் போய், இந்த வெப்பத்தை ஆற்ற முடியாமல்தான் எரிபொருள் உருகியது. டிவியில் நீங்கள் பார்த்த வெடிப்பு ஹைட்ரஜன் வாயு.

உங்கள் பயத்தை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். நிறவெறி அரசு இந்தத் தென்னாப்பிரிக்காவில் ஆறு அணுகுண்டுகளை ரகசியமாகச் செய்து வைத்திருந்தது. 1993இல்தான் அன்றைய அதிபர் டி கிளர்க் அதை வெளியே சொன்னார். பிறகு வந்த அரசு ரஷ்யாவோடு போட்ட அணு ஒப்பந்தத்தை 2017இல் கேப் டவுன் நீதிமன்றம் ரத்து செய்தது. மூடி மூடி வைத்தால் மக்கள் எப்படி நம்புவார்கள்? அணுமின்சாரம் வேண்டும் என்பவன் நான். கணக்கு திறந்திருக்க வேண்டும் என்பதிலும் பிடிவாதமாக இருக்கிறேன்.

பையன் வீடு பார்க்கப் போகும்போது கூபர்க் பார்வையாளர் மையத்துக்கும் போகச் சொல்லுங்கள். வெளி மின்சாரம் போனால் பம்புகளை எது ஓட்டும், எத்தனை நாள் ஓட்டும் என்று கேட்கட்டும்.